என் கையால் கலந்த மஞ்சள் நீர்

சிவமயம்

பள்ளத்தூர்
24.08.2025

அன்பு மகள் மீனலோசனிக்கு,

ஆத்தா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் சாமி விளக்கை ஏற்றுகிறேன். நான் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். புரை எடுத்த வலது கண் நன்றாகத் தெளிந்துவிட்டது, படிக்கவும் எழுதவும் மட்டும் கண்ணாடி போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ அனுப்பிய தேன் வந்தது, கரண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது, நல்ல தேன்தான், ஆனாலும் இவ்வளவு பாரத்தை இனிமேல் பார்சலில் அனுப்பாதே. குழந்தைக்கு முன்பல் விழுந்த போட்டோவைப் பார்த்தேன், உனக்கும் அந்த வயதில் அதே பல்தான் முதலில் விழுந்தது. மாப்பிள்ளை சதீஷ்குமாருக்கு முதுகு வலி என்றாயே, மாத்திரையைக் குறைத்துக்கொண்டு முதலில் அந்த நாற்காலியை மாற்றச் சொல். இங்கே ஆடியில் இரண்டு நல்ல மழை பெய்து கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. மேல்மாடத்தில் ஒழுகிய இடத்தையும் அடைத்தாயிற்று.

போனில் சொல்லக்கூடியதை ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நீ அழ ஆரம்பிக்கிறாய், நான் குரலை உயர்த்துகிறேன், பிறகு இரண்டு பேரும் குழந்தையைப் பற்றி நாலு வார்த்தை பேசி வைத்துவிடுகிறோம். இப்போது பன்னிரண்டு நாளாக அதுவும் இல்லை. வக்கீல் வீரபாண்டியன் உனக்கு ஒரு அபிடவிட் அனுப்பி, அங்கே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார். பங்காளி மகன் மெய்யநாதனை உன் தகப்பனாரான அப்பச்சி பிள்ளை கூட்டவே இல்லை, சுவீகாரமே எடுக்கவில்லை, அப்படி ஒரு சடங்கு நடந்ததாக எனக்குத் தெரியாது என்று நீ சத்தியம் செய்வதாக அதில் இருந்தது. நீ என்னைக் கூப்பிட்டு, "ஆத்தா, அன்னைக்கு நான் போன்ல பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாய். நான், அது அப்பச்சி மனசு ஆறட்டும் என்று செய்தது, அதெல்லாம் சட்டத்தில் சேராது என்று சொன்னேன். நீ சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டாய். அன்றிலிருந்து அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏன் என்று கடைசியில் விளங்கும்.

நம்மவர்களில் மகன் இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டுப் பையனைப் பிள்ளை கூட்டுவது வழக்கம். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவனைக்கூடக் கூட்டுவோம், வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் கோர்ட்டே நம் வழக்கத்தை ஒப்புக்கொள்கிறது என்று வக்கீல் சொல்கிறார். பெற்றவர்கள் கையைப் பிடித்துக் கொடுக்க, கூட்டுகிறவர்கள் வாங்கிக்கொண்டு மஞ்சள் நீர் குடிக்கக் கொடுக்க வேண்டும். குடித்துவிட்டால் அவன் இந்த வீட்டு மகன். பங்காளிகள் கையெழுத்துப் போட்டு ஒரு எழுத்து எழுதிக்கொள்வதும் உண்டு. நீ காலேஜில் படிக்கும்போதே, நான் இருக்கையில் எதற்கு இன்னொரு மகன் என்று கேட்டாய். கோயில் கணக்கில் குடும்பத்துக்கு ஒரு புள்ளி, கொள்ளி, முன்னோருக்குப் படைப்பு என்று நானும் அப்பச்சியும் ஏதேதோ சொன்னோம். இப்போது ஒப்புக்கொள்கிறேன், எந்தச் சட்டமும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு மகன் வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆசையை ஆசை என்று சொல்லக் கூச்சப்பட்டு அதற்கு வழக்கம் என்று பெயர் வைத்தோம். அது உன்னை எவ்வளவு நோகடித்திருக்கும் என்று நான் ஒருநாளும் உன்னிடம் கேட்டதில்லை.

யாரைக் கூட்டுவது என்பதில்தான் எனக்கும் அப்பச்சிக்கும் ஒத்துப்போகவில்லை. அவருடைய சித்தப்பா மகன் ஏகப்பனுக்கு இரண்டு பையன்கள். அப்பச்சிக்குப் பிடித்தது பெரியவன் மெய்யநாதன், எனக்குப் பிடித்தது சின்னவன் முத்துக்கருப்பன். மெய்யன் புதுவயலில் அரிசி மில் வைத்திருக்கிறான், எப்போது வந்தாலும் சட்டையில் தவிடு, நகக் கண்ணில் தவிடு. காப்பியைச் சத்தம் போட்டு உறிஞ்சுவான். வந்தால் வாசல் கேட்டின் கொண்டியைப் போட மாட்டான், மாடு உள்ளே வந்து செடியைத் தின்றாலும் அடுத்த தடவையும் போட மாட்டான். சின்னவன் அப்படி இல்லை. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், பேச்சு அளந்து இருக்கும், எனக்குப் படிக்கப் புத்தகம் வாங்கிவருவான், அவன் பெண்டாட்டி கிருத்திகா எழுந்து நின்று பேசுவாள். நான் படித்த கான்வென்டில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் சிஸ்டர் எங்களை வரிசையாக நிற்கவைத்து நகம் பார்ப்பார், அழுக்கு இருந்தால் அன்று முழுவதும் கடைசி பெஞ்சு. அறுபது வருஷம் கழித்தும் நான் அந்தக் கண்ணால்தான் மனிதர்களைப் பார்க்கிறேன் போலிருக்கிறது. அப்பச்சி கேலி செய்வார், "ஒனக்கு ஆளப் பாக்கத் தெரியாது, நகத்தத்தான் பாக்கத் தெரியும்" என்பார்.

அப்பச்சி படுக்கையில் விழுந்தது கொரோனா காலம். உன்னால் வர முடியவில்லை, உங்கள் நாட்டின் கதவைச் சாத்தியிருந்தார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அவரைத் தூக்கிப்போய்த் தூக்கிவந்தது மெய்யன்தான். கடைசியில் அப்பச்சி பிடிவாதமாக அவனைக் கூட்டிக்கொண்டார். பங்காளிகளை அழைக்க வழியில்லாததால் எழுத்து எழுதவில்லை, ஊரில் நோய் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்றார். மூன்று வாரத்தில் போய்விட்டார். மெய்யன்தான் கொள்ளி வைத்தான். கேதம் கேட்க வந்தவர்களிடம், மகன் இல்லாததால் தம்பி மகன் வைத்தான் என்று நான் சொன்னேன். அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். எழுத்தைப் பற்றி ஏகப்பன் கேட்டபோது வருஷம் திரும்பட்டும் என்றேன். வருஷம் திரும்பியது, அடுத்த வருஷமும் திரும்பியது, நானும் வாய் திறக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. திதிக்குத் திதி வந்து உட்கார்ந்து செய்துவிட்டுப் போவான். இந்த ஆனி மாதம் கண் ஆபரேஷனுக்கும் அவன்தான் மதுரைக்குக் கூட்டிப்போனான். ஆஸ்பத்திரிப் பாரத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். கொழுந்தன் மகன் என்று போடு என்றேன். போட்டான். போட்டுவிட்டு, எனக்குப் பசிக்கும் என்று இட்லி வாங்கப் போனான்.

அப்போது நான் முத்துக்கருப்பனைக் கூட்டுவதாக முடிவு செய்து, ஏகப்பன் வீட்டிலும் பேசி முடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மெய்யனுக்குத் தெரியாது. அவன் கூட்டிப்போன காரில் உட்கார்ந்துகொண்டு அவனிடம் சொல்லாமல் வந்தேன். ஏகப்பனும் அவன் பெண்டாட்டி சாலாவும் மறுப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன், ஒருமுறை மூத்தவனைக் கொடுத்தவர்கள் அல்லவா. சாலா கொஞ்சமும் யோசிக்காமல், "மெய்யன விட்டா எங்கள யாரு பாக்குறது ஆச்சி? சின்னவனக் கூட்டிக்கிருங்க. அவன் எப்படியும் ஊருக்கு வந்து எங்களுக்குக் கஞ்சி ஊத்தப்போறதில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். ஏகப்பனைப் பார்த்தேன். "அன்னைக்கு அண்ணன் மனசு நோகக் கூடாதுன்னு செஞ்சதுதானே ஆச்சி, அதப்போயி யாரு கணக்குல வக்கிறா" என்றான். எனக்கு வேண்டியவன் ஒருவன், அவர்களுக்கு வேண்டியவன் ஒருவன். அவரவர் விருப்பத்துக்குத் தோதாக அந்த நாளையே இல்லாமல் ஆக்கிவிட்டு, மோரும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். உன்னிடம் போனில் சொன்ன பதில்கூட என் பதில் இல்லை, ஏகப்பனுடையது.

பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கப் போனபோது விஷயம் மெய்யனுக்கு எட்டிவிட்டது. ஆடி இரண்டாம் வாரம் வீட்டுக்கு வந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை. "பெரியாத்தா, தம்பியக் கூட்டப்போறீகளாமே" என்றான். ஆமாம், என் விருப்பம் என்றேன். "ஒங்க விருப்பத்துக்கு நான் குறுக்க நிக்கல. என்னையப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். நடக்கலைன்னு மட்டும் சொல்லாதீக. நான் கொள்ளி வச்சது எங்க பெரியப்பச்சிக்கா, எங்க அப்பச்சிக்கான்னு எனக்குத் தெரியணும்ல" என்றான். நான், எது நடந்தது எது நடக்கவில்லை என்று வக்கீல் சொல்லுவார் என்றேன். வெளியே போனவன் கேட்டின் கொண்டியைப் போட்டுவிட்டுப் போனான். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் போட்டான்.

பத்து நாளில் கோர்ட்டிலிருந்து தாள் வந்தது. அவனை இந்த வீட்டுப் பிள்ளை என்று கோர்ட் அறிவிக்க வேண்டும், வேறு யாரையும் கூட்டக் கூடாது என்று கேட்டிருக்கிறான். அதில் என்னைத் தாயார் என்று எழுதியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அன்றே பஸ் ஏறிக் காரைக்குடி போய் வக்கீலைப் பார்த்தேன். அவனுடைய தவிட்டு நகத்திலிருந்து காப்பி உறிஞ்சுகிற சத்தம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். வீரபாண்டியன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆச்சி, பிடிச்சவனக் கூட்டிக்கிறதுக்கு ஒங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா கூட்டுனவனப் பிடிக்கலைன்னு வெலக்கிவிடச் சட்டத்துல எடமில்ல. ஒரு மகன் இருக்கையில இன்னொருத்தனக் கூட்டவும் முடியாது. அதனால கோர்ட்டுல பிடிக்கலைன்னு சொல்லிப் பிரயோசனமில்ல, நடக்கலைன்னுதான் சொல்லணும். எழுத்து இல்ல, பங்காளி கையெழுத்து இல்ல, பெத்தவுகளே இல்லைங்கிறாக. ஒங்க மகளும் சொல்லிட்டா முடிஞ்சது" என்றார். நடந்ததா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பதில் மனுவை எழுதி என்னிடம் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு தேதி தப்பாக இருந்தது, திருத்தினேன். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொல்லியிருந்தார், ஒன்றை அடித்தேன். மூன்றாம் பக்கம் வந்தபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. ஒரு பொய்யை எடுத்து வைத்துக்கொண்டு அதில் பிழை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பென்சிலை வைத்துவிட்டேன். ஆனாலும் மனசு முழுதாகத் திரும்பிவிட்டது என்று எழுத மாட்டேன். மறுநாள் சரியாகிவிடும், உன் கையெழுத்து வந்துவிட்டால் நிம்மதியாகிவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முத்துக்கருப்பன் வந்தான், கிருத்திகா வரவில்லை. அண்ணன் மேல் கோபமாக இருப்பான் அல்லது எனக்காக வருத்தப்படுவான் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. நான் கொடுத்த காப்பியை எப்போதும் போலச் சத்தமில்லாமல் குடித்துவிட்டு, "கவலப்படாதீக பெரியாத்தா, அவன்கிட்ட பேப்பரே இல்லையே, என்ன செஞ்சிருவான்" என்றான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து கேட்பான், அடுத்து கேட்பான் என்று காத்திருந்தேன். கடைசி வரைக்கும் கேட்கவே இல்லை. உண்மையில் நடந்ததா பெரியாத்தா என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனான், சுத்தமான பையன், அதில் குறை சொல்ல முடியாது. அவனைக் கெட்டவன் என்று நினைக்காதே. அவன் இந்த விஷயத்தில் என் பிள்ளையாகவே பேசினான், என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான்.

இந்த வாரம் முழுவதும் எனக்குச் சரியான தூக்கமில்லை. பிடித்திருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்னவெல்லாமோ செய்யலாம். நீ சதீஷ்குமாரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோது நான் ஆறு மாதம் உன்னோடு பேசவில்லை, ஆனால் ரிஜிஸ்டர் ஆபீசில் உன்னிடம் வேறு காரணம் யாரும் கேட்கவில்லை. உன் விருப்பத்தை நீ விருப்பம் என்றே சொன்னாய். அதற்காக ஒரு பொய் சொன்னாயா? எனக்கு அந்தத் தைரியம் இல்லாமல் போய்விட்டது. பிடிக்கவில்லை என்று அப்பச்சியிடம் அன்றே உரக்கச் சொல்லித் தடுத்திருக்கலாம். பெண்டாட்டி சம்மதம் இல்லாமல் அவரால் கூட்டியிருக்க முடியாது, அதுவும் சட்டம்தானாம். நான் தடுக்கவில்லை.

அதனால் அந்த அபிடவிட்டில் கையெழுத்துப் போடாதே. அதை உனக்கு அனுப்பச் சொன்னதே நான்தான், என் மகளைப் பொய் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதற்கு என்னை மன்னித்துக்கொள். செப்டம்பர் எட்டாம் தேதி வாய்தா. புதன்கிழமை வக்கீலிடம் போய், மெய்யன் மனுவில் இருப்பது உண்மை என்று எழுதச் சொல்லப்போகிறேன், மாட்டேன் என்றால் வேறு வக்கீலைப் பார்ப்பேன். இதனால் அப்பச்சி விட்டுப்போனதில் உனக்கு வரவேண்டிய பங்கு குறையும், அவனுக்கும் ஒரு பங்கு என்றாகும், அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஏகப்பனும் சாலாவும் இந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். முத்துக்கருப்பன் இனிமேல் எனக்குப் புத்தகம் வாங்கிவருவானா என்பதும் தெரியாது. எனக்கு மெய்யனை இன்னும் பிடிக்கவில்லை. பிடித்துவிட்டது என்று எழுதினால் அதுவும் இன்னொரு பொய். இந்த வீட்டில் அவன் காப்பி உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மிச்ச நாளைக் கழிக்க வேண்டியிருக்கும், அதை நினைத்தால் இப்போதே உடம்பு கூசுகிறது. இன்றைக்கு ஞாயிறு, புதனுக்குள் என் மனசு மறுபடியும் மாறிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. சாலா வந்து நாலு வார்த்தை பேசினால் போதும். அதனால் அன்று நடந்ததை இங்கே எழுதிவிடுகிறேன், உன் கைக்குப் போய்விட்டால் என்னால் திரும்ப வாங்க முடியாது.

2021ஆம் வருஷம் ஜனவரி 22, தை வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. பள்ளத்தூர் வீட்டில் அப்பச்சியின் கட்டில் ஓரம். அங்கே இருந்தவர்கள் உன் அப்பச்சி, நான், ஏகப்பன், சாலா, மெய்யநாதன். ஜன்னல் கட்டையில் சாத்திவைத்த போனில் நீ. உன் அப்பச்சி, "ஏகப்பா, ஒன் மூத்தவன எனக்கு மகனாக் குடுடா" என்று கேட்டார். ஏகப்பன், "எடுத்துக்கங்கண்ணே" என்று மெய்யனின் கையைப் பிடித்து அவர் கையில் வைத்தான், சாலாவும் சேர்த்துப் பிடித்தாள். அப்பச்சி என்னைப் பார்த்து, "ஒனக்குச் சம்மதந்தானே" என்றார். நான் சம்மதம் என்று வாய்விட்டுச் சொன்னேன். அடுப்படிக்குப் போய் வெள்ளி டம்ளரில் மஞ்சளைக் கலந்து கொண்டுவந்தது நான். வேறு யாரும் அதைத் தொடவில்லை. அப்பச்சி கை நடுங்கியதில் பாதி தலையணை மேல் கொட்டியது, மீதியை மெய்யன் குடித்தான். அந்தத் தலையணை உறையில் இருக்கிற கறை இரண்டு தடவை வெளுத்தும் போகவில்லை, அலமாரியில் இருக்கிறது. குடித்து முடித்ததும் அப்பச்சி அவனிடம், இனிமேல் இவளை ஆத்தா என்று கூப்பிடு என்றார். அவன் என் பக்கம் திரும்பி, "ஆத்தா" என்றான். நான் காதில் விழாதது போல டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் எனக்குக் கேட்டது மீனா, நன்றாகக் கேட்டது.

பேப்பர் இல்லை என்றானே முத்துக்கருப்பன். இதுதான் பேப்பர். பத்திரமாக வைத்துக்கொள். நான் நாளைக்கு வேறுவிதமாகப் பேசினால், என் முகத்தைப் பார்க்காமல் இதை எடுத்துக் கோர்ட்டில் கொடு. நீயும் அன்று போனில் பார்த்ததைப் பார்த்தபடி உன் கையால் எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

குழந்தைக்கு வாரம் ஒருமுறையாவது தலைக்கு எண்ணெய் வை. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் தீர்க்காயுளோடு இருக்க நம் கோயில் சாமி துணை இருப்பார். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, இந்தத் தடவை நான் குரலை உயர்த்த மாட்டேன்.

இப்படிக்கு, மேலே கண்டதை முழு நினைவோடு என் கையால் எழுதிய

உன் ஆத்தா
உமையாள்
(மீனலோசனிக்கும் மெய்யநாதனுக்கும் தாயார்)